பச்சையம்மாவின் கட்டமும் எல்லையம்மனின் காலும்

காலடிப்பேட்டையில் என் வீட்டு மாடி அறையில் பச்சையம்மா பம்பை வாசித்தபோது எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி ஆடியது.

முறைக்காதீர்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். புகைபோக்கி ஆடவில்லை, அதிலிருந்து வந்த புகைதான் ஆடியது, அதுவும் கடல்காற்றுக்கு. சொல்லப்போனால் அவள் பம்பை வாசிக்கவும் இல்லை. அந்த வாத்தியத்தை அவள் விரலால்கூடத் தொட்டதில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து மவுஸை அழுத்திக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் நான் கூட்டியதை எல்லாம் கழித்துவிட்டாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில், ஒரு முக்கியமான வசதியே இல்லாத ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைக் கட்டிக்கொண்டு அழுது, அதை வைத்தே தன் குடும்பத்தின் முறையைக் காப்பாற்றியவள் அவள். அதில் ஒரு சொல்கூட மிகை இல்லை.

அவளுடைய அப்பா ராமதாஸ் வாரத்தில் ஆறு நாள் கன்டெய்னர் யார்டில் மூட்டை சுமப்பவர். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பம்பைக்காரர். பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம். ஒன்று மரம், ஒன்று வெண்கலம். எங்கள் தெரு எல்லையம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் பம்பை அடிக்கும் முறை அவருடைய கொள்ளுத் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குத்தான். அவருடைய தம்பி சுயம்பு உடுக்கையை ஆட்டி அம்மனை வர்ணித்துப் பாடுவார். பாட்டு அம்மனைக் கூப்பிடும். பம்பைதான் அவளை யார் மேலாவது இறக்கிவிடும்.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நல்ல பம்பைக்காரன் தன் கையைப் பார்க்க மாட்டான். கூட்டத்தில் நிற்பவர்களின் காலைப் பார்ப்பான். எந்தக் காலின் கட்டை விரல் தரையைச் சுரண்டுகிறதோ, அந்த ஆளிடம் அம்மன் வந்துகொண்டிருக்கிறாள். அந்தக் காலுக்கு ஏற்றபடி அடியின் வேகத்தை ஏற்ற வேண்டும். கால் கேட்பதற்கு முன்னால் ஏற்றினாலும் தப்பு, கேட்ட பிறகு தாமதித்தாலும் தப்பு. நடுவில் நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. பாதி இறங்கிய சாமியை அந்தரத்தில் விட்டால் அந்த ஆள் அங்கேயே சுருண்டு விழுவான்.

பச்சையம்மாவுக்கு இதெல்லாம் ஏழு வயதிலேயே தெரியும். பம்பையைக் கேட்டு அழுதிருக்கிறாள். "பொம்பளப் புள்ள தொட்டா தோலு தளந்துடும்" என்று ராமதாஸ் அதை எடுத்து உயரத்தில் மாட்டிவிட்டார். அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக் கட்டம்போட்ட கணக்கு நோட்டை எடுத்தாள். அப்பா வாசிக்க உட்கார்ந்தால் எதிரில் உட்காருவாள். அடி விழுந்தால் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, விழாவிட்டால் வெறும் கட்டம். மேல் வரிசை மரத்துக்கு, கீழ் வரிசை வெண்கலத்துக்கு. பத்தாவது முடிப்பதற்குள் ஆறு நோட்டு நிரம்பியிருந்தது. கணக்கு வாத்தியார் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த ஊர்க் கோலம் என்று கேட்டாராம்.

பிளஸ் டூ, டைப்ரைட்டிங் ஹயர், அப்புறம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை. பகல் முழுக்கக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிப்பாள். சேர்த்து வைத்த சம்பளத்தில் அவள் வாங்கிய முதல் பொருள் நகை இல்லை. ராயபுரத்தில் இக்னேஷியஸ் என்று ஒரு பழைய கப்பல் ரேடியோ ஆபீசர் வீட்டைக் காலிசெய்துகொண்டு மகளிடம் போனார். அவர் விற்ற கம்ப்யூட்டர். பச்சையம்மா வீடு என் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடு. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். அதனால் கம்ப்யூட்டர் என் மாடி அறைக்கு வந்தது. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டெனோவாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் ஏதாவது ஒரு இயந்திரம் தடதடவென்று சத்தம் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

முதல் நாள் அவள் அதைத் திறந்து எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு கத்தல். கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து நான் மரக்கட்டையோடு ஓடினேன்.

"ஆயா! என் நோட்டு! எவனோ என் நோட்ட எடுத்துகினு போயி இதுல போட்டுகிறான்!"

திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒரு வரிசைக்குப் பதினாறு. கட்டத்தை அழுத்தினால் விளக்கு மாதிரி எரியும். அந்த இடத்தில் அடி விழும். கப்பலில் பொழுது போகாமல் இக்னேஷியஸ் போட்டு வைத்த பாட்டுத் தயாரிக்கும் புரோகிராம் அது. அதற்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர் இருந்தது. பச்சையம்மா அன்றைக்கே 'கட்டம்' என்று பெயர் மாற்றிவிட்டாள்.

அதில் இருந்த சத்தங்கள் எல்லாம் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம். நம் ஊர் அடி வேண்டும் என்றாள். ராமதாஸ் வாசிப்பதற்கு முன்னால் சந்தில் காகிதத்தைக் கொளுத்திப் பம்பையின் தோலைச் சூடுகாட்டுவார். ஒவ்வொரு அடியாகத் தட்டிப் பார்ப்பார். சூடு ஏற ஏறச் சத்தம் மேலே ஏறும். சரியான இடத்துக்கு வந்ததும் "தோலு காஞ்சிடுச்சி" என்பார். அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு அதுதான். பெற்ற பிள்ளையைக்கூட அதற்கு மேல் புகழ்ந்ததில்லை. நாங்கள் ஒரு மைக்கைக் கயிற்றில் கட்டி மாடியிலிருந்து கீழே இறக்கினோம். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா ஆயா அது?"

"காயப்போட்ட துணி விழுந்துடுச்சி" என்றேன்.

"துணிக்கு வாலு கீதே?"

"பாவாடை நாடா."

அந்த ஒரு மதியத்தில் ராமதாஸின் பதினோரு அடிகள் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. பிறகு அவள் தன் ஆறு நோட்டையும் பிரித்து வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக ஏற்றினாள். ஒட்டவைத்த வேலை போலவே கேட்காது. கண்ணை மூடினால் ராமதாஸ் அறைக்குள் வந்து நிற்பார்.

எல்லாம் இருந்தது. ஒன்றுதான் இல்லை. வேகத்தை மாற்ற முடியாது. மேலே மூலையில் ஒரு எண் இருக்கும். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அதை வைத்துவிட வேண்டும். ஓட ஆரம்பித்ததும் அந்த எண் சாம்பல் நிறமாகிச் செத்துவிடும். மாற்ற வேண்டும் என்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்கும். அதாவது, பம்பைக்கு எது உயிரோ அது மட்டும் அதில் கிடையாது.

கூட வேலைபார்த்த டில்லிபாபு இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"பச்ச, அத்த தூக்கிக் கடாசு. வேற சாஃப்ட்வேர் கீது, நான் போட்டுத் தரேன். வேகம் எங்க ஏறணும்னு முன்னாடியே ஒரு கோடு வரஞ்சிட்டா போதும். தானா ஏறும்."

"முன்னாடியே வரையறதா? ஆத்தா இன்னா கம்பெனி பஸ்ஸா, ஒம்போது பத்துக்கு கரெக்டா வந்து நிக்க?"

"அப்ப இதுல மட்டும் இன்னா பண்ணுவ?"

"இதுல இல்லாதது எனக்குத் தெரியும். உன்னுதுல இன்னா இல்லன்னு உனக்கே தெரியாது. போ."

இப்படித்தான் அவள். குறையைச் சொன்னால் அந்தக் குறையோடு சேர்த்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். அவளுடைய அம்மா அமுலு அதிகம் பேசாதவள். மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி, "கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய இப்டி புடிச்சிகினா தேவலை" என்பாள்.

இந்தக் காதல் இப்படியே மாடிக்குள் ஓடியிருக்கும். ஆடிக் கூழுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது யார்டில் ஒரு மூட்டை சரிந்து ராமதாஸின் வலது மணிக்கட்டில் விழுந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு.

ஆடி ஞாயிற்றுக்கிழமையில் வடசென்னையில் சும்மா இருக்கும் பம்பைக்காரன் ஒருவனைக் காட்டுங்கள், என் பென்ஷனை எழுதிவைக்கிறேன். எல்லாரும் எங்கெங்கோ வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் பக்தவச்சலம், பாத்திரக்கடைக்காரர், வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்.

"மாதவரத்துலேர்ந்து ஒரு செட்டு வரேன்றாங்க. ஆனா ஒரு வருசத்துக்கு மட்டும்னா வர மாட்டாங்களாம். முறையே அவங்களுக்குக் குடுத்தாத்தான் வருவாங்களாம். ராமதாசு, கோச்சிக்காத. ஆத்தாளுக்கு அடி நிக்கக் கூடாது."

ராமதாஸ் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு தலைமுறை முறை.

"எங்க முறைய நாங்களே அடிப்போம், தலிவரே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"யாரு அடிப்பா? மாவுக்கட்டா?"

"நான்."

கூட்டம் சிரித்தது. பக்தவச்சலமும் சிரித்தார். "பொம்பளப் புள்ள பம்பையத் தொடறதா? உங்கப்பன் ஒத்துக்குவானா கேளு."

"நான் ஏன் பம்பையத் தொடறேன்? மவுசத்தான் தொடுவேன். மவுசுக்கு எதுனா தீட்டு கீட்டு கீதான்னு பூசாரியக் கேட்டுச் சொல்லுங்க."

பூசாரிக்கு மவுஸ் என்றால் என்னவென்று தெரியாது. எலி என்று யாரோ சொன்னார்கள். "எலியால எந்தத் தோஷமும் இல்ல" என்றுவிட்டார்.

பக்தவச்சலம் முகம் இறுகியது. "சரி. அடி. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். ஆத்தா எறங்கலேன்னா அன்னிக்கே முறை மாதவரத்துக்கு. அப்பால வந்து அழக் கூடாது."

"எறங்குவா" என்றாள்.

ராமதாஸ் வீட்டுக்கு வரும்வரை பொறுத்துவிட்டுக் கத்தினார். "ரேடியோப் பொட்டி அடிச்சி சாமி வருமா? நாலு தலமுறை மானத்த கலீஜ் ஆக்கப் போறியா?"

"நீ அடிச்சது தான் நைனா அதுல கீது. உன் கை மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

அவர் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

மறுநாள் மாடியில் ஒத்திகை. சுயம்பு உடுக்கையோடு வந்தார். பச்சையம்மா கட்டத்தை ஓடவிட்டாள். ஐந்து நிமிஷம் தேனாக இருந்தது. அதன்பின் அவர் பாட்டு சூடுபிடித்தது, வேகம் எடுத்தார். கட்டம் எடுக்கவில்லை. அவர் வேர்த்து வழிய நிறுத்தினார்.

"இன்னாமா இது? நான் பேசின் பிரிட்ஜே தாண்டிப் பூட்டேன், உன் வண்டி இன்னும் ராயபுரத்துலயே நிக்குது!"

வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று என்று தனித்தனியாகச் செய்து பார்த்தாள். ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்கும் இடைவெளியில் ஒரு சாமி விழுந்து எழுந்துவிடும். டில்லிபாபு தன் சிடியோடு படியேறி வந்தான். "இப்பவாச்சும் போட்டுக்க" என்றான். அவள் அந்த சிடியை வாங்கி, என் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்தாள். அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். மூன்று நாள்தான் மிச்சம். அவள் சாப்பிடவும் இல்லை.

கடைசியில் வழி விட்டது என்னுடைய ஓட்டை கேசட் டெக்தான். அப்பாவின் வாயை அடைக்கவாவது அவர் ஒருமுறை கேட்கட்டும் என்று பச்சையம்மா கடன் வாங்கிய ஒரு ரெக்கார்டரில் அந்த அடியைப் பதிந்து, கேசட்டை என் டெக்கில் போட்டாள். ராமதாஸ் வேண்டாவெறுப்பாக வந்து கதவருகே நின்றார். பத்து வினாடி கேட்டார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ வேகமா வெச்சிகிற?"

"வேகமால்லாம் வெக்கலியே, நைனா. அதே நம்பருதான்."

வேகமாகத்தான் ஓடியது. போன மாதம் மைக்செட் அருள்பிரகாசம் அதைப் பழுது பார்த்தபோது ஏதோ ஒரு ஸ்க்ரூவை அதிகமாகத் திருகியிருந்தான். அன்றிலிருந்து என் டெக்கில் பாடுகிற எல்லாருக்கும் வாத்துக் குரல். பச்சையம்மா டெக்கைத் திருப்பி முதுகைக் கழற்றினாள். மோட்டாருக்குப் பின்னால் ஒரு துளை. துளைக்குள் ஒரு குட்டி ஸ்க்ரூ. டெஸ்டரை விட்டு மெல்லத் திருப்பினாள். அடி ஏறியது. இன்னும் திருப்பினாள். இன்னும் ஏறியது. நிற்கவே இல்லை. வேகம் ஏற ஏறச் சத்தமும் மேலே மேலே போனது, சந்தில் சூடுகாட்டின பம்பை போலவே.

"ஆயா" என்றாள், கண் கலங்கி. "கட்டத்துல ஏறல. ஆனா எங்கனா ஒரு எடத்துல ஏறிச்சே!"

ராமதாஸின் மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் கதவில் தட்டிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் வாசலில் கூழ் அண்டா, வேப்பிலைக் குவியல், மஞ்சள் புடவைகள். ஓரத்தில் ஒரு ஸ்டூலின் மேல் முதுகு கழற்றிய டெக். அதிலிருந்து அருள்பிரகாசத்தின் ஆம்பிளிஃபையருக்கு ஒயர். டெக் ஆடினால் சத்தம் அலையும் என்பதால் அதை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருக்கும் பொறுப்பு என்னுடையது. நான் படித்தவள். சாமியாடுவதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதை அன்றைக்கு மரியாதை கருதி வெளியே சொல்லவில்லை.

சுயம்பு தொடங்கினார். "கல்லுக்கரை தாண்டி வா, கப்பல் நிக்கும் கடலோரம் நடந்து வா" என்று சாவகாசமாகத்தான் கூப்பிட்டார். பச்சையம்மா டெஸ்டரை ஸ்க்ரூவில் வைத்துக்கொண்டு டெக்கைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் கால்களைப் பார்த்தாள். கால் மணி நேரம். எதுவும் இல்லை. பக்தவச்சலம் கடிகாரத்தைப் பார்த்தார். மாதவரத்து ஆட்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து கை கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கொட்டாவி விட்டான்.

அப்போது எங்கேயோ ஒரு கட்டை விரல் தரையைச் சுரண்டியிருக்க வேண்டும். அவள் கை ஒரு நூல் திரும்பியது. அடி ஒரு நூல் ஏறியது. சுயம்பு திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே அவரும் ஏறினார். இன்னொரு நூல். உடுக்கை பறந்தது. சத்தம் மேலே மேலே போய், வெண்கலம் கிணுகிணுவென்று காதில் ஊசி ஏற்றியது. கொட்டாவி விட்டவன் வாய் மூடவில்லை, ஆனால் அது கொட்டாவி இல்லை.

யார் மேல் முதலில் இறங்கினாள் என்று கேட்கிறீர்களா? சாட்சாத் தலைவர் பக்தவச்சலத்தின் மேலேயே! வேப்பிலைக் குவியலில் குதித்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடினார் பாருங்கள், தெருவே அதிர்ந்தது. அவரைப் பார்த்து வரிசையாக ஆறு பெண்களுக்கு வந்தது. பூசாரி ஓடிவந்து கற்பூரத்தைக் காட்டி, "தாயே, முறை யாருக்கு? வாய் தெறந்து சொல்லு" என்று கேட்டார். அம்மன் சொன்னாள், அதுவும் இங்கிலீஷில்: "சாங்ஷன்டு! ராமதாஸ் ஃபேமிலி, பர்மனன்ட்! நோ ஃபர்தர் கரஸ்பாண்டன்ஸ்!"

பக்தவச்சலம் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் வாயில் இப்படி ஒரு இங்கிலீஷ் வந்ததென்றால் அது தெய்வச் செயல் அல்லாமல் வேறென்ன? என் மூக்குக்கண்ணாடி நெரிசலில் எங்கேயோ விழுந்துவிட்டதால் எனக்கு எல்லாம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் காது நன்றாகக் கேட்டது. மாதவரத்து ஆட்கள் கூழ்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு ராமதாஸ் டெக்கின் அருகில் வந்தார். ஸ்க்ரூவைக் குனிந்து பார்த்தார். மகளைப் பார்க்காமல், "தோலு காஞ்சிடுச்சி" என்றார்.

கட்டு பிரித்த பிறகு, ஒருநாள் பம்பையை இறக்கி அவளிடம் நீட்டவும் செய்தார். "கத்துக்கறியா?"

"இப்ப எதுக்கு? அத்த நீயே வெச்சிக்க. என்கிட்ட கட்டம் கீது" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருஷங்களில் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை பம்பைக்காரர் கிடைக்காத கோயில்கள் அவளைத் தேடி வந்தன. டெக்கும் டெஸ்டரும் ஆட்டோவில் ஏறின. கம்ப்யூட்டர் மாறியது, அவள் மாறவில்லை. இரண்டாயிரத்து ஐந்தில் டில்லிபாபு மூச்சிரைக்கப் படியேறி வந்தான். சண்டை மறந்து போயிருந்தது. அந்தச் சண்டை மறந்த கதையில்தான் அடுத்த வைகாசியில் இரண்டு பேருக்கும் கல்யாணமே நடந்தது.

"உன் கட்டத்துல புது வெர்ஷன் வந்துகிது! ஓடும்போதே வேகம் ஏத்தலாமாம்! கொண்டாந்துகிறேன்."

அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். மவுஸை இழுத்தாள், வேகம் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆனால் சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. தோல் காயவில்லை. அழித்துவிட்டுப் பழையதையே திரும்பப் போட்டாள்.

"ஏன்? அத்தத்தான அத்தினி வருசமா இல்ல இல்லன்னு பொலம்புன?" என்றான் அவன்.

"நான் எங்க பொலம்புனேன்? நீங்கள்ளாம் பொலம்புனீங்க."

இப்போதும் அந்தப் பழைய வெர்ஷன்தான். இதுவரை எழுதியதை நேற்று சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். பச்சையம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அமுலுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"தலிவரு எங்க ஆடுனாரு? அந்தாளு கூழு அண்டா பின்னால பயந்துகினு நின்னாரு. டெக்க அம்போன்னு வுட்டுட்டு வேப்பிலைல குதிச்சது நீ, ஆயா. நான் ஓடியாந்து புடிச்சிகலேன்னா அது கீழ வுழுந்து மானம் பூட்டிருக்கும். இங்கிலீஷு பேசுனதும் நீதான். கண்ணாடிய வேப்பிலைலேர்ந்து பொறுக்கிக் குடுத்ததே நான்தான், மறந்துட்டியா? மாத்தி எழுது."